ஒருவர் மட்டும் நுழையும் வாசல்: உடனிகழ் நிரல்களைக் கணிதத்தால் சரிபார்த்த வரலாறு

ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் ஒரே காலத்தில் நடந்துகொண்டு, ஒரே நினைவகத்தையோ ஒரே கருவியையோ பகிர்ந்துகொள்ளும்படி எழுதப்படும் கணினி நிரல்கள் உடனிகழ் நிரல்கள் எனப்படும். அவை தவறு செய்யமாட்டா என்பதை வெறுமனே ஓட்டிப் பார்த்து நம்பிவிடாமல், கணிதத்தின் துணைகொண்டு நிறுவும் வழிகளுக்கு முறைசார் சரிபார்ப்பு என்று பெயர். ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் கருவி, விண்கலம் எனப் பலவும் இன்று இவ்வகை நிரல்களை நம்பி இயங்குகின்றன. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமில் சிலர் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்ட புதிராகத் தொடங்கியது இத்துறை. அந்தப் புதிரில் மிகத் திறமையானவர்களும் வழுக்கி விழுந்தார்கள். இத்துறையின் வரலாற்றில் பெரும்பகுதி அவர்கள் விழுந்து எழுந்த வரலாறுதான்.

கரும்பலகையில் ஓர் எண்

பணியில் இருந்த காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி இதன் மையத்தை விளக்கும். மாணவர் சேர்க்கைக் காலம். பள்ளி அலுவலக வாசலில் ஒரு கரும்பலகையில் மொத்த எண்ணிக்கை எழுதியிருக்கும். புதிதாகச் சேர்ப்பவர் தம் கணக்கைக் கூட்டித் திருத்தி எழுதிவிட வேண்டும். பலகையில் 412 இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, என்னிடம் சேர்ந்த 3 பேரைக் கூட்டி 415 என்று மனத்தில் வைத்துக்கொண்டு சாக்பீஸ் எடுக்கப் போனேன். அதே 412-ஐப் பார்த்திருந்த உடன் ஆசிரியர் அதற்குள் தம்மிடம் சேர்ந்த 5 பேரைக் கூட்டி 417 என்று எழுதிவிட்டார். நான் அதைக் கவனிக்காமல் அழித்து 415 என்று எழுதினேன். ஐந்து பிள்ளைகள் காணாமற்போனார்கள். இருவருடைய கூட்டலும் சரிதான். எண்ணைப் பார்த்த நொடிக்கும் எழுதிய நொடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் பிழை புகுந்தது.

அன்று மாலையே இருவரும் வேண்டுமென்றே அதைத் திரும்பச் செய்து பார்த்திருந்தால் பெரும்பாலும் சரியான விடையே வந்திருக்கும். உடனிகழ் நிரலின் பிழையும் அப்படித்தான். நூறு முறை ஓட்டினால் நூறு முறையும் சரியாக நடக்கும். நூற்றோராவது முறை, இரு வேலைகளின் படிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் பின்னிக்கொள்ளும்போது தவறும். தேடிப் போனால் கிடைக்காது. எத்தனை வரிசைகள் உண்டு என்பதை மேல்நிலை வகுப்புச் சேர்மானக் கணக்கைக் கொண்டே அறியலாம். தலா 10 படிகள் கொண்ட இரண்டு வேலைகள் 1,84,756 வகைகளில் பின்னிக்கொள்ள முடியும். மூன்றாவதாக ஒரு வேலை சேர்ந்தால் அந்த எண் சுமார் 5.5 இலட்சம் கோடி ஆகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான படிகள் உடைய உண்மையான நிரலில் எல்லா வரிசைகளையும் ஓட்டிப் பார்ப்பது யாராலும் ஆகாது.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு புதிர்

நெதர்லாந்தின் எட்சர் டைக்ஸ்ட்ரா இந்த அச்சத்தை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர். அவர் பணியாற்றிய ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தின் தொடர்பில் எக்ஸ்1 என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. அச்சுப்பொறி போன்ற மெதுவான கருவி தன் வேலையை முடித்ததும் கணினியை இடைமறித்துச் சொல்லும் வசதி அதில் இருந்தது. கருவி எப்போது இடைமறிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரே நிரல் இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் நடந்துகொள்ளலாம். மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத பிழைகளை நினைத்து முதலில் தயங்கியதாக டைக்ஸ்ட்ராவே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1959-இல் அவர் பெற்ற முனைவர் பட்டம் இந்த இடைமறிப்பு வேலையைப் பற்றியதே.

அவர் உடன் பணியாற்றியவர்களிடம் ஒரு புதிரைப் போட்டார். இரண்டு வேலைகள்; இரண்டும் அவ்வப்போது ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் நுழைய வேண்டும்; ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே உள்ளே இருக்கலாம். பொது நினைவகத்தில் ஓர் எண்ணைப் படிக்கலாம், ஓர் எண்ணை எழுதலாம். இவை தவிர வேறு வசதி இல்லை. இருவரும் ஒருசேர உள்ளே போய்விடக் கூடாது. ஒருவருக்கொருவர் காத்துக்கொண்டு இருவரும் வெளியிலேயே நின்றுவிடவும் கூடாது. வேகத்தைப் பற்றி எதையும் நம்பக் கூடாது.

கேட்பதற்குச் சிறுபிள்ளைக் கணக்குப் போலத் தோன்றும். பலர் விடை கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருந்தது. இறுதியில் தியோடோரஸ் டெக்கர் என்ற கணித அறிஞர் சில மணி நேரத்தில் சரியான விடையைத் தந்தார். அவர் அதை அடைந்த விதம் கவனிக்கத்தக்கது. முதலில் நிரலை எழுதிவிட்டுப் பிறகு சரியா என்று பார்க்கவில்லை. எதையெல்லாம் நிறுவ வேண்டியிருக்கும் என்று முதலில் ஆராய்ந்து, நிறுவலின் வடிவத்தை முடிவு செய்துகொண்டு, அந்த நிறுவலுக்குப் பொருந்தும் நிரலைப் பின்னர் அமைத்தார். வடிவியல் நடத்தியவர்களுக்கு இது புதிதன்று. கணினித் துறைக்கு அன்று புதிது.

1965 செப்டம்பரில் டைக்ஸ்ட்ரா இந்தப் புதிரை இரண்டு பேருக்குப் பதிலாக எத்தனை பேருக்கும் பொருந்தும்படி விரித்து, விடையும் நிறுவலும் சேர்த்து, அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் மாத இதழில் வெளியிட்டார். கட்டுரை ஏறக்குறைய ஒரே பக்கம். இத்துறையின் பிறப்புச் சான்றிதழாக அந்தப் பக்கத்தையே பலர் கொள்கிறார்கள்.

அச்சேறிய தவறு

நான்கு மாதங்கள் கழித்து, 1966 ஜனவரியில், அதே இதழில் ஹாரிஸ் ஹைமன் என்பவர் ஒரு குறிப்பு எழுதினார். இரண்டே பேர் என்றால் இவ்வளவு சிக்கல் தேவையில்லை என்று ஓர் எளிய படிமுறையைக் கொடுத்தார். அது தவறு.

தவறு எங்கே என்பதைக் கதையாகச் சொல்லலாம். வாசலில் ஒரு முறைப்பலகை. அதில் முதலாமவர் பெயர் எழுதியிருக்கிறது. இரண்டாமவர் வருகிறார், முறை தன்னுடையதல்ல, ஆனால் முதலாமவர் நுழைய விரும்புவதாகக் கொடி உயர்த்தவில்லை. சரி, பலகையில் என் பெயரை எழுதிக்கொண்டு நுழைகிறேன் என்று முடிவு செய்கிறார். எழுதுவதற்கு முன் ஒரு நொடி தாமதம். அந்த நொடியில் முதலாமவர் வந்து கொடியை உயர்த்தி, பலகையில் தன் பெயரே இருப்பதைப் பார்த்து உள்ளே போய்விடுகிறார். இரண்டாமவர் நிதானமாகத் தன் பெயரை எழுதி, பலகையைப் பார்த்து, அவரும் உள்ளே போகிறார். கரும்பலகை 412-இன் கதையேதான்.

அதே ஆண்டு மே மாதம் டொனால்ட் கனூத் எழுதிய கடிதம் ஹைமனின் தவறைச் சுட்டிக்காட்டியது. அதோடு நில்லாமல், டைக்ஸ்ட்ராவின் விடையிலும் ஒரு குறை உண்டு என்றது. அதில் இருவர் ஒருசேர நுழைவதில்லை. எல்லோரும் வெளியே முடங்கி நிற்பதுமில்லை. ஆனால் துரதிர்ஷ்டம் பிடித்த ஒருவர், மற்றவர்கள் மாறி மாறி உள்ளே போய்வரக் காலமெல்லாம் காத்திருக்க நேரலாம். பட்டினி என்று இத்துறையினர் இதற்குப் பெயர் வைத்தார்கள். டைக்ஸ்ட்ரா தவறு செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் கேட்ட கேள்வியில் அந்த நிபந்தனை இல்லை. கேள்வியில் இல்லாததை நிறுவலும் தராது.

லெஸ்லி லாம்போர்ட்டும் இதே வழியில்தான் வந்தார். வெளியான விடைகளெல்லாம் வீணாகச் சிக்கலானவை என்று நினைத்து, எளிய படிமுறை ஒன்றை எழுதி அதே இதழுக்கு அனுப்பினார். அதில் பிழை இருக்கிறது என்று மதிப்பீட்டாளரின் குறிப்பு திரும்பி வந்தது. தம்மீதே வந்த கோபத்தில் உட்கார்ந்து யோசித்ததன் விளைவு, 1974-இல் வெளியான அடுமனைப் படிமுறை. அமெரிக்க அடுமனைகளில் வாடிக்கையாளர் எண் எழுதிய சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருப்பார். குறைந்த எண் உடையவருக்கு முதலில் ரொட்டி. நம் ஊர் மருத்துவமனைகளில் டோக்கன் வாங்குவது போலத்தான். டோக்கன் கொடுக்க ஓர் ஆள் இல்லை என்பதே இதில் வேறுபாடு. ஒவ்வொருவரும் மற்றவர்களின் எண்களைப் பார்த்து, அவற்றினும் பெரிய எண்ணைத் தாமே எழுதிக்கொள்கிறார்கள். இருவர் ஒரே எண்ணை எழுதிவிட்டால் பெயர் வரிசையில் முன்னிருப்பவர் முந்துகிறார்.

இதன் நிறுவலை எழுதி முடித்த பிறகு லாம்போர்ட் எதிர்பாராத ஒன்றைக் கவனித்தார். ஒருவர் எண்ணை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதைப் படித்து அரைகுறையாக ஏதோ ஓர் எண்ணைப் பெற்றாலும் படிமுறை தவறுவதில்லை. நிறுவலில் எங்குமே அந்த எண்ணின் மதிப்பு தேவைப்படவில்லை. நினைவகத்தில் ஒரு நேரத்தில் ஒரு செயலே நடக்கும் என்று அதுவரை எல்லோரும் வைத்துக்கொண்டிருந்த அடிப்படை நம்பிக்கையே இதற்குத் தேவையில்லை! அவர் இதைச் சொன்னபோது உடன் பணியாற்றிய அனடோல் ஹோல்ட் நம்ப மறுத்தார். கரும்பலகையில் நிறுவிக் காட்டியும், எங்கோ தவறு இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடே வீட்டுக்குப் போனாராம்.

1981-இல் கேரி பீட்டர்சன் இருவருக்கான விடையை மிக எளிமையாக்கினார். குறுகலான வாசலில் எதிர்ப்படும் இருவர் நடந்துகொள்ளும் முறையே அது. இருவரும் தம் விருப்பத்தைக் கொடி உயர்த்திச் சொல்கிறார்கள்; பிறகு ஒவ்வொருவரும் 'நீங்கள் முதலில்' என்கிறார்கள். கடைசியாக அப்படிச் சொன்னவர் நின்றுகொள்கிறார், மற்றவர் போகிறார். நான் படித்த படிமுறைகளிலேயே இவ்வளவு மரியாதை தெரிந்தது வேறொன்றுமில்லை. இந்த இரண்டு வரி மரியாதையைக் கண்டுபிடிக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

கைகாட்டியும் தேர்வு வினாவும்

எல்லா நிரலரும் டெக்கரைப் போல் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அன்றாட வேலைக்கு எளிய கருவி வேண்டும் என்று டைக்ஸ்ட்ரா 1960-களின் தொடக்கத்திலேயே செமஃபோர் என்பதை அறிமுகப்படுத்தினார். ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்கும் கைகாட்டி மரத்தின் பெயர் அது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். மீட்டர்கேஜ் காலத்தில் பயணம் செய்தவர்களுக்கு, நிலைய ஊழியர் பெரிய வளையத்தில் டோக்கனை வைத்து நீட்ட, ஓடும் வண்டியிலிருந்து ஓட்டுநர் தரப்பில் கையைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளும் காட்சி நினைவிருக்கும். டோக்கன் கையில் இல்லாமல் அடுத்த நிலையத்துக்கு வண்டி நகராது. செமஃபோரும் அதையே செய்கிறது.

பிற்காலத்தில் 'உணவுண்ணும் தத்துவவாதிகள்' என்று புகழ்பெற்ற கணக்கும் டைக்ஸ்ட்ராவுடையதே. ஐந்து பேர் வட்டமேசையில், ஐந்தே முள்கரண்டிகள், உண்ண இரண்டு வேண்டும். எல்லோரும் இடக்கைப் பக்கக் கரண்டியை எடுத்துவிட்டால் அனைவரும் பட்டினி. 1965-இல் அது மாணவர்களுக்கான தேர்வு வினாவாகப் பிறந்தது என்பதை அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நல்ல வினாத்தாள் ஒன்றின் ஆயுள் இவ்வளவு நீளும்!

நிறுவலுக்கு ஓர் இலக்கணம்

ஒவ்வொரு படிமுறைக்கும் தனித்தனியாகப் புத்திசாலித்தனமான நிறுவல் எழுதுவது ஒன்று. எந்த நிரலுக்கும் பொருந்தும் நிறுவல் விதிகளை வகுப்பது மற்றொன்று. ஒரே வரிசையில் ஓடும் நிரல்களுக்கு ராபர்ட் ஃபிளாய்ட் 1967-இலும், டோனி ஹோர் 1969-இலும் அத்தகைய விதிகளைக் கொடுத்தார்கள். ஹோர் 1934-இல் கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர்.

உடனிகழ் நிரலில் சிக்கல் என்னவென்றால், ஒருவர் தம் நிறுவலில் 'இந்த இடத்தில் எண்ணிக்கை 412' என்று எழுதிவைத்த உண்மையை, இன்னொருவர் நடுவில் புகுந்து பொய்யாக்கிவிடலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரீஸின் மாணவியாக இருந்த சூசன் ஒவிக்கி இதற்கு ஒரு வழி கண்டார். 1976-இல் இருவர் பெயரிலும் வெளியாயிற்று. ஒவ்வொரு வேலைக்கும் தனியாக நிறுவல் எழுது. பிறகு ஒன்றின் எந்தப் படியும் மற்றொன்றின் எந்த இடைக் கூற்றையும் குலைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டு. உழைப்பு மிகுந்த வழிதான். ஆனாலும் படிகள் பின்னிக்கொள்ளும் இலட்சம் கோடி வரிசைகளைப் பார்க்க வேண்டியதில்லை. படிகளையும் கூற்றுகளையும் இணைத்துப் பார்த்தால் போதும்.

அடுத்த ஆண்டே இஸ்ரேலின் அமீர் நுவேலி இன்னொரு வாசலைத் திறந்தார். 'எப்போதும்', 'என்றாவது ஒரு நேரம்' என்ற சொற்களுக்குக் கணித விதிகள் தரும் காலத் தருக்கத்தை நியூசிலாந்துத் தத்துவ அறிஞர் ஆர்தர் பிரையர் முன்பே வளர்த்திருந்தார். அது நிரல்களைப் பற்றிப் பேசப் பொருத்தமான மொழி என்று நுவேலி கண்டார். 'இருவர் ஒருசேர உள்ளே இருப்பது எப்போதும் இல்லை' என்பது ஒரு வகைக் கூற்று. 'கேட்டவர் என்றாவது நுழைவார்' என்பது வேறு வகை. கனூத் சுட்டிய பட்டினி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இயங்குதளம் போன்ற நிரல் முடிவதே இல்லை. விடை சொல்லி நிற்பதுமில்லை. அதற்குச் 'சரி' என்றால் என்ன பொருள் என்பதைச் சொல்லவே இந்தத் தருக்கம் தேவைப்பட்டது. நுவேலிக்கு 1996-இல் டூரிங் விருது கிடைத்தது.

இதே காலத்தில் வேறு ஓடைகளும் ஓடின. ஜெர்மனியின் கார்ல் ஆடம் பெட்ரி 1962-லேயே உடனிகழ்வை விவரிக்கும் கோட்பாடு ஒன்றை அமைத்திருந்தார். ஹோர் 1978-இலும், ராபின் மில்னர் 1980-இலும், பொது நினைவகமே இல்லாமல் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் வேலைகளுக்கான கணிதத்தை அமைத்தார்கள். சென்னையோடு தொடர்புடைய இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். சென்னை ஐஐடியில் 1965-இல் பட்டம் பெற்ற கே. மணி சாண்டி, டெக்சாஸில் இருந்தபோது, தம்மைப் பார்க்க வந்த லாம்போர்ட்டிடம் இரவு உணவின்போது ஒரு கணக்கைச் சொன்னார். பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் கணினிகளை நிறுத்தாமலேயே அவற்றின் ஒட்டுமொத்த நிலையைப் படம் பிடிப்பது எப்படி என்பது கணக்கு. மறுநாள் காலை லாம்போர்ட் விடையோடு வந்தபோது சாண்டியும் அதே விடையோடு காத்திருந்தார். 1985-இல் அது இருவர் பெயரிலும் வெளியானது. பெட்ரி வலைகளின் கோட்பாட்டில் உலக அளவில் அறியப்பட்ட பி. எஸ். தியாகராஜன், இன்று சென்னை கணிதக் கழகம் என வழங்கும் நிறுவனத்தில் பணியாற்றியவர்.

எட்டு நொடிகள்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாரேனும் நினைத்திருந்தால், 1986-ஆம் ஆண்டு அந்த எண்ணத்தை மாற்றியிருக்க வேண்டும்.

தெராக்-25 என்பது கனடாவில் தயாரான புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி. அதே நிறுவனத்தின் முந்தைய கருவியில் இருந்த மின்னியல் பாதுகாப்புப் பூட்டுகள் சிலவற்றை நீக்கிவிட்டு, அவற்றின் வேலையை நிரலிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில் கருவியை இயக்கிய ஊழியர், எலக்ட்ரான் கதிருக்கான எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்-கதிருக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே மேலே போய்த் திருத்தினார். பழகிய கை, வேகமாகத் திருத்தியது. கருவியின் காந்தங்கள் இடம் மாறி அமைய ஏறக்குறைய 8 நொடிகள் ஆகும். திருத்தம் அந்த 8 நொடிகளுக்குள் முடிந்துவிட்டால், காந்தங்களை அமைக்கும் வேலை அதைக் கவனிக்கவே இல்லை. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. 180 ராட் அளவு பெற வேண்டிய நோயாளியின் உடலில் 16,500 முதல் 25,000 ராட் வரை பாய்ந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். சில மாதங்களில் அவர் இறந்தார்.

பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். எந்தக் குறையும் தென்படவில்லை. ஏப்ரல் 7 அன்று கருவி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. நான்கு நாள் கழித்து இரண்டாவது நோயாளிக்கு அதே கதி நேர்ந்தது. அதன்பின் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும், கருவியை இயக்கிய ஊழியரும் சேர்ந்து உட்கார்ந்து, தட்டச்சு வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான் பிழை வெளிப்பட்டது. மெதுவாகத் தட்டினால் வரவில்லை. வேகமாகத் தட்டினால் வந்தது. 1985 முதல் 1987 வரை இக்கருவியால் ஆறு பேருக்கு இவ்வாறு மிகைக் கதிர்வீச்சு ஏற்பட்டது. அவர்களுள் குறைந்தது மூவரின் இறப்புக்கு அதுவே காரணம் எனப்பட்டது. புதிதாய் வந்த ஊழியர் மெதுவாகத் தட்டியிருப்பார், நோயாளி பிழைத்திருப்பார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. வேலை நன்றாகத் தெரிந்தவர் கையில்தான் பிழை விழித்துக்கொண்டது.

இயந்திரமே தேடுதல்

நிறுவலை மனிதர் எழுதுவது கடினம், பிழைபடவும் கூடும். நிரலின் எல்லா நிலைகளையும் கணினியே தேடிப் பார்த்து, காலத் தருக்கத்தில் எழுதிய நிபந்தனை எங்காவது மீறப்படுகிறதா என்று சொன்னால் என்ன? அமெரிக்காவில் எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும் 1981-இல் இவ்வழியைக் கண்டார்கள். பிரான்சின் கிரெனோபிளில் ஜோசஃப் சிஃபாகிஸ் தம் உடனாய்வாளருடன் 1982-இல் தனியாக அதே இடத்தை அடைந்தார். மாதிரிச் சரிபார்ப்பு எனப்படும் இதற்காக மூவருக்கும் 2007-ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது. பிழை இருந்தால் எந்த வரிசையில் நடந்தால் அது நேரும் என்று படிப்படியாகக் காட்டிவிடும் என்பதே இதன் பெருமை. நிலைகளின் எண்ணிக்கை வெடித்துப் பெருகுவது இதன் தலைவலி. பல நிலைகளை ஒரே சூத்திரத்தால் தொகுத்துக் குறிக்கும் உத்தி வந்த பிறகு, 1990-இல் 1-க்குப் பின் 20 சுழியங்கள் வரும் அளவு நிலைகளையும் கையாள முடிந்தது.

இம்முறை தன் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1998 அக்டோபரில் நாசா செலுத்திய டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில், தரையின் உதவியின்றித் தானே முடிவெடுக்கும் நிரல் ஒன்றைச் சோதிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். 1997-இல் அதன் ஒரு பகுதியை, பெல் ஆய்வகத்தின் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் உருவாக்கிய ஸ்பின் என்ற கருவியால் ஆய்வாளர்கள் சரிபார்த்து ஐந்து பிழைகளைக் கண்டார்கள். அவற்றுள் ஒன்று இத்தகையது: ஒரு வேலை 'புதுச் செய்தி ஏதும் வந்ததா' என்று பார்க்கிறது, இல்லை என்று கண்டு உறங்கப் போகிறது. பார்த்ததற்கும் உறங்கியதற்கும் இடையில் செய்தி வந்து எழுப்பிவிட்டுப் போய்விட்டால், அது எழுப்பியது யாருக்கும் தெரியாது. உறங்கியவர் எழுவதே இல்லை. பிழைகள் திருத்தப்பட்டன.

1999 மே 18. விண்கலம் பறந்துகொண்டிருக்கையில் அந்த நிரல் நின்றுபோனது. எந்திரத்தை நிறுத்த வேண்டிய கட்டளை போகவில்லை. தரையில் ஆராய்ந்தபோது தெரிந்தது, ஸ்பின் காட்டிய அதே வகைப் பிழை. சரிபார்க்காமல் விட்ட வேறொரு பகுதியில் அது இருந்தது. தரையில் நடந்த நெடிய சோதனைகளில் ஒருமுறைகூட அது தலைகாட்டவில்லை.

செவ்வாயில் 1997 ஜூலையில் இறங்கிய பாத்ஃபைண்டரின் கதை சற்று வேறு. ஒரு பள்ளியில் தலைமையாசிரியருக்கு அவசரமாக அலமாரிச் சாவி வேண்டும், சாவி உதவியாளரிடம், உதவியாளரை ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வேலை ஏவிக்கொண்டே இருந்தால் தலைமையாசிரியர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். பாத்ஃபைண்டரின் முதன்மை வேலை இப்படிக் காத்து நின்றதால், அதன் கணினி திரும்பத் திரும்பத் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. சாவி வைத்திருப்பவருக்கு, அதைத் திருப்பித் தரும்வரை, தலைமையாசிரியரின் முன்னுரிமையையே கொடுத்துவிடுவது தீர்வு. அத்தீர்வையும் அதன் நிறுவலையும் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகியோர் 1990-லேயே வெளியிட்டிருந்தார்கள். விண்கலத்தின் இயங்குதளத்தில் அந்த வசதி இருந்தது, முடுக்கிவிடப்படாமல் இருந்தது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதை முடுக்கினார்கள்.

நிறுவல் எதை நம்பியது

1978-இல் ரோஜர் நீடமும் மைக்கேல் ஷ்ரோடரும், வலையில் இருவர் தம்மை ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்திக்கொள்ளும் சில செய்தி முறைகளை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்றின் மையத்தில் இருப்பவை மூன்றே செய்திகள். பலர் அதை ஆராய்ந்து சரியென்றார்கள். 17 ஆண்டுகள் கழித்து 1995-இல் கவின் லோ அதில் ஓர் ஓட்டையைக் கண்டார். ஹோரின் கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட சரிபார்ப்புக் கருவியும் அதை உறுதி செய்தது. உள்ளே முறையாகச் சேர்ந்த ஒருவரே வஞ்சகராக இருந்தால், தம்மிடம் பேச வந்தவரின் செய்திகளைக் கொண்டே மூன்றாமவரிடம் அவர்போல் நடிக்கலாம். முந்தைய நிறுவல்கள் உள்ளே இருப்பவர் நேர்மையானவர் என்று நம்பியிருந்தன. பதில் செய்தியில் அனுப்புபவரின் பெயரைச் சேர்த்தால் ஓட்டை அடைந்துவிடுகிறது.

இன்று பெரும் இணைய நிறுவனங்களும் இவ்வழிகளைப் பயன்படுத்துகின்றன. அமேசானின் பொறியாளர்கள் லாம்போர்ட் வகுத்த டிஎல்ஏ+ மொழியில் தம் தரவுச் சேமிப்பு முறையை எழுதிச் சரிபார்த்தபோது, 35 படிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடந்தால் மட்டுமே வெளிப்படும் பிழை ஒன்று கிடைத்ததாக 2015-இல் எழுதினார்கள். எந்தச் சோதனையாளருக்குத் தோன்றும் அந்த 35?

டெக்கரிடமே திரும்புவோம். அவருடைய படிமுறையையும் பீட்டர்சனுடையதையும் பாடநூலில் உள்ளபடியே இன்றைய கணினியில் எழுதினால் அவை தவறிவிடும். நிறுவலில் பிழையில்லை. ஒருவர் எழுதியது உடனே எல்லோர் கண்ணிலும் படும் என்று அந்த நிறுவல்கள் வைத்துக்கொண்டிருந்தன. இன்றைய செயலியின் ஒவ்வொரு கருவும், எழுத வேண்டியதை முதலில் தன் சொந்தச் சிட்டையில் குறித்துவைத்து, பிறகே பொது நினைவகத்துக்கு அனுப்புகிறது. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. இருவரும் கொடி உயர்த்துகிறார்கள். இரண்டு கொடிகளும் இன்னும் சிட்டையிலேயே இருக்கின்றன. ஒருவர் மற்றவரின் கொடியைப் பார்க்க, அது தாழ்ந்தே தெரிகிறது. இருவரும் உள்ளே போகிறார்கள். இந்த வேறுபாட்டை லாம்போர்ட் 1979-லேயே வரையறுத்துக் காட்டியிருந்தார். பரவலாகப் பயன்படும் எக்ஸ்86 செயலிகள் உண்மையில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்குத் துல்லியமான கணித வடிவம், கேம்பிரிட்ஜில் பீட்டர் சூவெல் குழுவினர் 2010-ஐ ஒட்டிச் செய்த பணியில்தான் கிடைத்தது. சிட்டையில் உள்ளதையெல்லாம் பொது நினைவகத்துக்கு அனுப்பிய பிறகே மேலே செல்லச் சொல்லும் கட்டளை ஒன்று அச்செயலிகளில் உண்டு; அதற்கு வேலி என்று பெயர். கொடி உயர்த்தும் வரிக்கும் மற்றவர் கொடியைப் பார்க்கும் வரிக்கும் நடுவில் அந்த வேலியை இட்டால், டெக்கரின் வாசலில் மறுபடியும் ஒருவர் மட்டுமே நுழைகிறார்.